பழைய மிஷின்

குளிர் ரூமின் இழுவைக் கதவு ஒரு முழம் நகர்ந்ததுமே உள்ளிருந்து வெண்புகை கொட்டியது. புகையோடு சேர்ந்து ஏதோ சரிந்து வந்து சூப்பர்வைசரின் காலடியில் விழுந்தது. முதலில் அவர் அதைப் பெட்டி என்றுதான் நினைத்தார். ஒழுங்காக அடுக்கத் துப்பில்லாத பயல்கள், பட்டாணிப் பெட்டியைக் கதவில் சாய்த்து வைத்திருக்கிறார்கள் என்று திட்டுவதற்கு வாயைக்கூடத் திறந்துவிட்டார். அப்புறம்தான் அந்தப் பெட்டிக்குத் தலைமுடி இருப்பது தெரிந்தது. இமையிலும் புருவத்திலும் மாவு தூவினாற்போல உறைபனி. உதடு நாவற்பழ நிறம். இரண்டு கையும் நெஞ்சோடு மடங்கி, பிரிக்க முடியாதபடி இறுகிக் கிடந்தன.

"ஐயோ, அக்காடா! நம்ம ஸ்டிக்கர் அக்கா!" என்று மூட்டை தூக்குகிற மொட்டை கத்தினான்.

லோடு ஏற்ற வந்திருந்த லாரி டிரைவர்தான் முதலில் குனிந்து தூக்கினார். மொட்டை காலைப் பிடித்தான். இன்னொருத்தன் சாக்கை உதறிப் போர்த்தினான். சூப்பர்வைசர் மட்டும் பூட்டுச் சாவியைக் கையில் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றார். எல்லோரும் அக்காவைத் தூக்கிக்கொண்டு லாரியை நோக்கி ஓடும்போது அவர் வாய் தானாகப் பேசிக்கொண்டிருந்தது. "கொக்கியில கோட்டு இருந்துச்சு. எல்லாக் கோட்டும் இருந்துச்சு. நான் பாத்துட்டுத்தான் பூட்டுனேன்." அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. லாரி டிரைவர் மட்டும் ஒரு விநாடி திரும்பிப் பார்த்தார். "யோவ், உசுரு இருக்கான்னு பாருய்யா மொதல்ல" என்றார்.

உயிர் இருந்தது.

அந்தக் குளிர்கிடங்கில் எழுதி ஒட்டாத சட்டம் ஒன்று உண்டு. குளிர் ரூம் வாசலில் சுவரோடு வரிசையாகக் கொக்கிகள். ஒவ்வொன்றிலும் பஞ்சு வைத்துத் தைத்த தடிமனான கோட்டு. உள்ளே போகிறவர் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு போவார், வெளியே வந்தால் திருப்பி மாட்டுவார். ஆகவே கொக்கி காலியாக இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். கூப்பிட்டுப் பார்க்கத் தேவையில்லை. கூப்பிட்டாலும் உள்ளே ஓடுகிற மின்விசிறிகளின் இரைச்சலில் ஒன்றும் கேட்காது. பூட்டுகிறவர் கொக்கிகளை ஒரு பார்வை பார்ப்பார். விளக்கை அணைப்பார், அதன் சுவிட்சும் வெளியேதான். கதவை இழுப்பார், சாவியைத் திருப்புவார். சாப்பாட்டு நேரத்தில் குளிர் வீணாகக்கூடாது, சரக்கும் காணாமல் போகக்கூடாது என்பதற்காகத் தினமும் பூட்டுவது வழக்கம்.

ஆனால் கோட்டுகள் நைந்துகொண்டே வந்தன. ஒன்றுக்கு ஜிப் போயிற்று, ஒன்றுக்குக் கை கிழிந்து பஞ்சு தொங்கியது. புதுக் கோட்டு வேண்டுமென்று ஆட்கள் கேட்டார்கள். "மேல சொல்லியிருக்கேன். வரும்" என்றார் சூப்பர்வைசர். பொய் இல்லை, சொல்லத்தான் செய்திருந்தார், ஒரு தடவை, வேறு ஏதோ பேச்சுக்கு நடுவே. அதற்கப்புறம் கிழிந்ததையெல்லாம் தூக்கிப் போடாமல் கொக்கியிலேயே விட்டுவைத்தார்கள், பார்வைக்கு நிறைவாக இருக்கட்டுமென்று. சின்ன வேலைக்கு உள்ளே போகிறவர்கள் கோட்டில்லாமலே ஓடிப்போய் ஓடிவரப் பழகினார்கள். ஒரு நாள் அக்கா தயங்கி நின்றபோது, "ஒரு நிமிஷ வேலைக்கு எதுக்குக்கா கோட்டு? கல்யாணத்துக்கா போறீங்க?" என்று சூப்பர்வைசரே சொல்லிச் சிரித்திருக்கிறார். அன்றோடு கொக்கி பொய் பேச ஆரம்பித்துவிட்டது. அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே தினமும் அதைப் பார்த்துப் பூட்டினார்கள்.

ஸ்டிக்கர் அக்காவின் வேலை பெட்டிகளில் தேதிச் சீட்டு ஒட்டுவது. அன்று மதியம் பின்வரிசையில் ஏதோ சில பெட்டிகள் விட்டுப்போனது ஞாபகம் வந்து, சாப்பிடுவதற்கு முன்னால் ஒட்டிவிட்டு வந்துவிடலாம் என்று உள்ளே போனார். யாரிடமும் சொல்லவில்லை. கோட்டு எடுக்கவில்லை. மேற்கொண்டு நடந்ததை எல்லோரும் கதவு திறந்தபோதுதான் தெரிந்துகொண்டார்கள்.

முதலாளி சாயங்காலமே வந்துவிட்டார். தன் அறையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். சூப்பர்வைசர் பக்கத்து நாற்காலியில். ஊருக்கு வெளியே கட்டி முடித்திருக்கும் புதுக் கிடங்குக்கு அவரைத்தான் மேனேஜராகப் போடுவதென்று முதலாளி வாய்விட்டுச் சொல்லி அதிக நாள் ஆகவில்லை. சூப்பர்வைசரின் மனைவி அந்தப் பக்கம் வாடகைக்கு வீடுகூடப் பார்த்து வைத்திருந்தாள்.

"கதவு பூட்டுறது என் வேலை இல்ல சார்" என்றான் ஒருவன்.

"அக்கா வெளிய வந்துச்சா வரலையான்னு பாக்க நான் யாரு சார்? நான் லோடு எறக்குறவன்" என்றான் அடுத்தவன்.

மிஷின் ரூமைப் பார்த்துக்கொள்ளும் கண்ணாடிக்காரர், "கதவுக்கு உள்பக்கம் ஒரு அமுக்குற குமிழ் இருக்கு சார். யாராவது மாட்டிக்கிட்டா அத அமுக்கினா பூட்டு தானா வெளிய தெறிக்கும். அது ஐஸ் கட்டி இறுகி ரொம்ப நாளாச்சு. நான் சூப்பர்வைசர்கிட்டச் சொல்லிட்டேன். அதுக்கு மேல என் கையில என்ன இருக்கு?" என்றார்.

முதலாளி சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் சட்டென்று, "உங்ககிட்டச் சொன்னேனே சார்" என்றார்.

வாசலில் நின்ற மொட்டைக்கு அந்த நேரத்திலும் அடக்க முடியவில்லை. மூக்கால் ஒரு சிரிப்பு வந்துவிட்டது.

"என்னடா இளிப்பு?" என்று முதலாளி சீறினார்.

"ஒண்ணுமில்ல சார். நாங்க இவருக்கு வச்சிருக்கிற பேரு ஞாபகம் வந்துருச்சு. மேலிடம்." கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டோமே என்று மொட்டை தன் தலையைத் தடவிக்கொண்டான். "எதக் கேட்டாலும் மேல சொல்லியிருக்கேன் மேல சொல்லியிருக்கேன்னு... அதான் சார். தப்பா நெனைக்காதீங்க."

சூப்பர்வைசருக்கு முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை வருஷமாக முதுகுக்குப் பின்னால் இப்படி ஒரு பெயர் ஓடிக்கொண்டிருந்ததே தெரியாது அவருக்கு.

எல்லோரும் போனபிறகு முதலாளி குரலைத் தணித்தார். "நாளைக்குக் காலையில தொழிலாளர் ஆபீசர் வர்றாரு. அந்தம்மா கோட்டு போடாம, யார்கிட்டயும் சொல்லாம உள்ள போயிருக்கு. கோட்டெல்லாம் கொக்கியில இருந்துச்சு, நீ பாத்துட்டுத்தான் பூட்டுன. அத மட்டும் சொல்லு. குமிழ் கிமிழ்னு எதையும் இழுத்துவிடாத. புரியுதா?"

"அந்தம்மாவுக்கு...?"

"விதிய மீறினா கம்பெனி என்ன பண்ணும்? வைத்தியமும் அவங்க பாடு, வேலையும் அவங்க பாடு." கொஞ்சம் நிறுத்தி, "அவங்களே ஒத்துக்குவாங்கன்னு கேள்விப்பட்டேன். போய்ப் பாத்துட்டு வா" என்றார்.

ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் முடியப்போகிற சமயம். பஸ் ஓட்டுகிற புருஷன் சீருடையைக்கூட மாற்றாமல் கட்டிலுக்குப் பக்கத்தில் ஃப்ளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்காவின் இரண்டு கையும் வெள்ளைப் பொட்டலங்களாகத் தலையணைமேல் கிடந்தன. முகம் வீங்கி, தோல் கன்றிச் சிவந்திருந்தது. ஆனால் கண்ணில் பழைய அக்கா இருந்தார்.

"வாங்க சார். என்ன, மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வர்றீங்க? நான் இன்னும் சாகல."

சூப்பர்வைசர் ஆரஞ்சுப் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கட்டிலைச் சுற்றிப் பார்த்தார். புருஷன் வாங்கிக் கீழே வைத்தார். "வலது கையில ரெண்டு விரலோட நுனி போயிரும்னு டாக்டர் சொல்றாரு" என்றார், பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று சொல்வதுபோல.

"அத விடுங்க" என்றார் அக்கா. "சார், நாளைக்கு யாரோ ஆபீசர் கேக்க வருவாருன்னாங்க. நான் சொல்லிடுறேன். தப்பு என்னோடது. கோட்டு போடாமப் போனது நான். சொல்லாமப் போனது நான். நீங்க என்ன பண்ணுவீங்க? கொக்கியப் பாத்தீங்க, பூட்டுனீங்க. உங்களுக்கும் பிள்ள குட்டி இருக்கு. புது எடத்துக்குப் போகப்போறீங்கன்னு வேற சொன்னாங்க. என்னால அது கெட வேண்டாம்."

நெஞ்சின் மேல் ஏறி நின்றிருந்த ஏதோ ஒரு பாரம் அப்படியே கீழே இறங்கியதை சூப்பர்வைசர் உணர்ந்தார். மூச்சு நெஞ்சு நிறைய வந்தது. வியர்வை காய்ந்தது. தலை தப்பியது என்று உள்ளுக்குள் ஒருவன் துள்ளினான். துள்ளியவனைப் பார்த்தபோதுதான் அவருக்குத் திக்கென்றது. கட்டிலில் கிடப்பவளின் கையில் விரல் போகப்போகிறது, தனக்கு நிம்மதியாக இருக்கிறது. இப்படியொரு ஆள் தனக்குள் குடியிருப்பது அதுவரைக்கும் அவருக்குத் தெரியாது.

"உள்ள இருட்டிப் போச்சு சார்" என்று அக்கா தொடர்ந்தார். யாரையும் குறை சொல்லாமல், சினிமாக் கதை சொல்வதுபோலத்தான் சொன்னார். "தடவித் தடவிக் கதவுகிட்ட வந்துட்டேன். குமிழு அசையவே இல்ல. கையால அமுக்குனேன், முழங்கையால அமுக்குனேன். அப்புறம் தட்ட ஆரம்பிச்சேன். கை மரத்துப் போற வரைக்கும் தட்டுனேன். நீங்கள்லாம் சாப்புட்டுக்கிட்டு இருந்திருப்பீங்க. அந்த மிஷின் சத்தத்துல யாருக்குக் கேக்கும்? யாருக்கும் கேட்டிருக்காது."

யாருக்கும் கேட்டிருக்காது.

சாப்பாட்டு மேசை சூப்பர்வைசரின் கண்முன் வந்து நின்றது. குளிர் ரூம் சுவருக்கு இந்தப் பக்கம் போட்டிருக்கும் நீள மேசை. அக்காவின் டிபன் டப்பா மூடியபடி இருந்தது. "அக்கா உடம்பக் கொறைக்குது போல" என்று மொட்டை சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அப்போதுதான் அந்தச் சத்தம். டொம், டொம். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி டொம், டொம். மொட்டை கையில் எடுத்த வாய்ச் சோற்றைப் பாதியில் நிறுத்திவிட்டு, "என்னா சத்தம் சார் அது?" என்று கேட்டான். அவர் தலையைத் தூக்கக்கூட இல்லை. "பழைய மிஷின். அப்படித்தான் அடிச்சுக்கும். மாத்தச் சொல்லி மேல எத்தன தடவ சொல்லிட்டேன், கேக்கிறாங்களா?" என்றார். சொல்லிவிட்டு ஊறுகாயைத் தொட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றுவிட்டது. "பாத்தியா, தானா நின்னுருச்சு" என்று வேறு சொன்னார்.

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"என்னா சார், உக்காருங்க" என்று புருஷன் எழுந்து நாற்காலியை நகர்த்தினார். அவர் உட்காரவில்லை. ஏதோ முனகிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

வெளிவாசலில் மொட்டை நின்றிருந்தான். உள்ளே வர மனசில்லாமல் சுவரில் சாய்ந்திருந்தான் போல. பீடியைக் காலால் நசுக்கினான்.

"அக்கா எப்படிண்ணே இருக்கு?" வேலை இடத்துக்கு வெளியே அவன் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவான்.

"தட்டுச்சாம்" என்றார் சூப்பர்வைசர்.

மொட்டை நசுங்கிய பீடியை மறுபடியும் காலால் தேய்த்தான். "எனக்குத் தெரியும்ணே. கதவு தொறந்தப்பவே தெரிஞ்சுபோச்சு. உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

"அப்ப எந்திரிச்சுப் போய்ப் பாத்திருக்கலாம்ல நீ?" சூப்பர்வைசரின் குரல் உடைந்து, கோபம்போல வெளியே வந்தது.

"நான் என்னண்ணே பண்ணுவேன்?" மொட்டை நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் திமிர் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. "நான் உங்ககிட்டச் சொல்லிட்டேன்ல? என்னா சத்தம்னு கேட்டேன்ல? நீங்க மிஷின்னீங்க. அதோட என் வேல முடிஞ்சுது. அதுக்கு மேல என் கையில என்னண்ணே இருக்கு?"

சூப்பர்வைசர் அவனை வெறித்துப் பார்த்தார். அது மொட்டையின் பேச்சில்லை. அந்த இழுவை, கையை விரிக்கிற விதம், கடைசியில் கேள்வியில் முடிக்கிற பாங்கு எல்லாம் தன்னுடையவை. சாயங்காலம் கண்ணாடிக்காரர் பேசியதும் அதுதான். கதவு என் வேலையில்லை என்றவன் பேசியதும் அதுதான். ஒரு கிடங்கு முழுக்க ஆட்கள் அவருடைய வாயை வாங்கி வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். மூட்டை தூக்குவதை அவர்கள் வேறு யாரிடமோ கற்றிருக்கலாம். கையை விரிப்பதைத் தன்னிடம்தான் கற்றிருக்கிறார்கள்.

"ஆபீசர்கிட்ட சத்தத்தப் பத்தி நான் வாயத் தொறக்க மாட்டேண்ணே" என்றான் மொட்டை. "சத்தியமா. நீங்க பயப்படாதீங்க."

இந்த வார்த்தைதான் அவரை அடியோடு சாய்த்தது. அவனை அங்கேயே விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை ஆபீசர் வந்தார். நடுத்தர வயதுப் பெண். காலில் கனமான பூட்ஸ், பேச்சில் சிக்கனம். கிடங்கின் முன்கூடத்தில் எல்லோரையும் நிறுத்திவைத்தே விசாரித்தார். முதலாளி அவருக்கு நாற்காலி போடச் சொன்னார், அவர் உட்காரவில்லை.

"பூட்டுனது யாரு?"

"நான்தான் மேடம்" என்று சூப்பர்வைசர் முன்னால் வந்தார். "கொக்கியில கோட்டெல்லாம் இருந்துச்சு. புதுக் கோட்டு வேணும்னு மேல சொல்லி..."

வாய் பழகிய தடத்தில் தானாக ஓட ஆரம்பித்திருந்தது. பின்வரிசையில் யாரோ கனைத்தார்கள். அவர் நிறுத்தினார். முதலாளி தலையை லேசாக ஆட்டி, போதும், அதோடு நிறுத்து என்று கண்ணால் சொன்னார்.

"மேடம், அதெல்லாம் இல்ல" என்றார் சூப்பர்வைசர். "கொக்கி பொய்யின்னு எனக்குத் தெரியும். ஆளுங்க கோட்டு இல்லாமப் போறது எனக்குத் தெரியும். நான்தான் அப்படிப் போகப் பழக்கினேன். குமிழு வேல செய்யலைன்னும் தெரியும். கதவச் சாத்துறதுக்கு முந்தி உள்ள எட்டிப் பாத்து ஒரு கொரல் குடுத்திருக்கலாம், குடுக்கல." மூச்சு வாங்கினார். "சாப்புடும்போது கதவு தட்டுற சத்தம் கேட்டுச்சு. நான் மிஷின்னு சொல்லிட்டேன். ஒருத்தன் கேட்டான், அவன் வாயையும் அடைச்சுட்டேன். அந்தம்மா தன் தப்புன்னு சொல்லுவாங்க. அத எடுத்துக்காதீங்க. அவங்க தட்டிக்கிட்டு இருந்தாங்க, நான் சாப்புட்டுக்கிட்டு இருந்தேன்."

முதலாளியின் முகம் வெளிறி, பிறகு கறுத்தது. "உனக்கென்ன பைத்தியமா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "உன்ன அப்புறம் வச்சுக்கறேன்."

"சத்தம் எனக்கும் கேட்டுச்சு மேடம்." மொட்டைதான். வாசலிலிருந்து வரிசையைப் பிளந்துகொண்டு முன்னால் வந்து, சூப்பர்வைசருக்குப் பக்கத்தில் நின்றான். "நானும் எந்திரிச்சுப் போகல."

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஆபீசர் அவர்கள் இருவரையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. அந்தக் கதவின் குமிழைச் சரிபண்ணி, உள்ளே ஒரு ஆள் நின்று, கதவை வெளியே பூட்டி, உள்ளிருந்து திறந்து காட்டும்வரை குளிர் ரூமில் ஒரு பெட்டிகூட நகரக்கூடாது என்றார். மற்றதெல்லாம் அப்புறம். மெக்கானிக் வந்தார். கதவைப் பாதி இழுத்துவைத்துக்கொண்டு, டார்ச்சை வாயில் கவ்வியபடி குமிழின் பழைய தண்டைப் பிடுங்கிப் புதுசு செருகினார். வெளியே லாரிகள் வரிசைகட்டி ஹாரன் அடித்தன. முதலாளி கடிகாரத்தையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முடிஞ்சுது. யாராவது உள்ள போயி அமுக்கிப் பாருங்க" என்றார் மெக்கானிக்.

"போங்கப்பா யாராவது" என்றார் முதலாளி. எல்லோரும் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். நேற்று அந்தக் கதவிலிருந்து என்ன விழுந்தது என்று பார்த்தவர்கள் அவர்கள்.

சூப்பர்வைசருக்கு அவருடைய கண்ணாடித் தடுப்பு அறையில் சொந்தமாக நல்ல கோட்டு ஒன்று இருந்தது. அதை எடுக்கப் போகாமல் கொக்கியில் கைக்கு எட்டியதை எடுத்து மாட்டினார். ஜிப் இல்லை. இரண்டு பக்கத்தையும் கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டினார். குளிர் முகத்தில் அறைந்தது.

"மொட்டை, நீ சாத்து. பூட்டிரு. அப்புறம் லைட்ட அணை."

"லைட்டு எதுக்குண்ணே அணைக்கணும்?" வேலை இடத்தில் அவன் முதல்முறையாக அண்ணே என்றான்.

"நேத்து அணைஞ்சிருந்துச்சுல்ல."

மொட்டையால் உடனே இழுக்க முடியவில்லை. கதவில் கையை வைத்தபடி நின்றான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இழுத்தான். வெளியிலிருந்து வந்த வெளிச்சக் கீற்று மெலிந்து மெலிந்து மறைந்தது; உள்விளக்கு மட்டும் எரிந்தது. பூட்டு விழுந்தது. மின்விசிறிகளின் இரைச்சல் காதை அடைத்தது.

சூப்பர்வைசர் திரும்பிக் கதவைப் பார்த்தார். இழுத்துத் திறக்கும்போதெல்லாம் சுவரோடு ஒட்டிப்போய்விடுகிற பக்கம் அது; சாத்தினால் மட்டும்தான், உள்ளே நிற்பவருக்கு மட்டும்தான் தெரியும். கதவு முழுக்கப் பூஞ்சைபோல வெள்ளையாக உறைபனி படர்ந்திருந்தது. புதுக் குமிழைச் சுற்றி மெக்கானிக் சுரண்டிய இடம் மட்டும் தகரம் பளபளத்தது. அதற்குப் பக்கத்தில் வட்ட வட்டமாகப் பள்ளங்கள். அவர் ஒரு கணம் அவை என்னவென்று புரியாமல் நின்றார். தன் கையை முஷ்டியாக மடக்கி ஒன்றின்மேல் வைத்தார். பள்ளம் கொஞ்சம் சின்னது.

நெஞ்சு உயரத்தில் அவை நெருக்கமாக, ஆழமாக இருந்தன. இடுப்பு உயரத்தில் கலைந்திருந்தன. அதற்குக் கீழே முழங்கால் மட்டத்தில், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி, உறைபனியை லேசாகத் தொட்டதுபோல. கடைசி ஒன்று தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்தது. அது முஷ்டிகூட இல்லை, விரிந்த உள்ளங்கை.

அவர் அதற்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். அப்போது விளக்கு அணைந்தது.